கல்லீரலில் கொழுப்பு, இருதயத்துக்கு எச்சரிக்கை

(வேலந்தாவளத்தில் கூடிய உறுப்பினர் குடும்பங்களின் முன் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



வேலந்தாவளம் எங்கே இருக்கிறது என்று மும்பையிலும் டில்லியிலும் இதைப் படிக்கப் போகிறவர்கள் கேட்கலாம். கோயமுத்தூர்ப் பக்கமிருந்து சித்தூர் போகும் வழியில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் இருக்கும் சிற்றூர். பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலூகா. கடைத்தெருவில் பாதிப் பேச்சு தமிழ், பாதி மலையாளம். இந்தச் சித்தூர் தாலூகாவின் தென்னந்தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல ஜில்லாக்களுக்குக் கள்ளு போகிறது. ஆகையால் ஈரல் வியாதி என்றால் இந்தப் பக்கத்தில் எல்லோர் மனதிலும் ஒரே ஒரு காரணம்தான் தோன்றும். நான் இன்று ஈரலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன் வரிசையில் இருக்கும் ஒரு மாமா, "டாக்டர், நமக்கெதற்கு அது? கள்ளுக்கடைப் பக்கமே போகாதவர்களாச்சே நாம்" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் பொது மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஈரல் நிபுணனும் இல்லை, இருதய நிபுணனும் இல்லை. அதனாலேயே இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அதிகம் கிடைத்தது. இந்தக் கூட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டிய எவருடைய வீட்டு பீரோவைத் திறந்தாலும் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கும். வேறு எதற்கோ எடுத்ததாக இருக்கும். பித்தப்பையில் கல்லா என்று பார்க்க, அல்லது கம்பெனி வருஷா வருஷம் செய்யும் முழு உடல் பரிசோதனைக்காக. கடைசி வரியில் 'ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்று' என்று அச்சடித்திருக்கும். "அது எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று சொல்லிவிட்டு அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறோம். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்றைய பேச்சு முழுவதும்.

தமிழில் ஈரல்குலை என்று ஒரு சொல் உண்டு. பயந்தால் ஈரக்குலை நடுங்குகிறது என்கிறோம் அல்லவா? ஈரல், இருதயம், நுரையீரல் எல்லாம் சேர்ந்த கொத்துக்குத்தான் அந்தப் பெயர். இன்று நாம் இருதயத்துக்கு ஒரு டாக்டர், ஈரலுக்கு ஒரு டாக்டர் என்று பிரித்து வைத்திருக்கிறோம். ரத்தத்துக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

முதலில் இது என்ன என்று பார்ப்போம். ஆரோக்கியமான கல்லீரலில் கொழுப்பு மிகக் கொஞ்சம். நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் ஈரல் செல்களில் கொழுப்பு தங்கினால் அதைக் கொழுப்பு ஈரல் என்கிறோம். சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு அது கண்ணில் படுவதற்குள் இருபது முப்பது பங்கு சேர்ந்திருக்க வேண்டும். அதாவது ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் முழு நிம்மதி அடைய முடியாது. ஸ்கேனில் இருக்கிறது என்றால் அது நேற்று வந்ததும் இல்லை. இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். கிரேடு ஒன்று, இரண்டு, மூன்று என்பதெல்லாம் ஸ்கேனில் ஈரல் எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறது என்ற கணக்கு. ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா, நார் கட்டியிருக்கிறதா என்பதை அது சொல்லாது. கிரேடு ஒன்றுக்காரருக்குத் தழும்பு இருக்கலாம். கிரேடு மூன்றுக்காரருக்கு இல்லாமலும் இருக்கலாம்.

1980-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 20 நோயாளிகளின் ஈரல் திசுக்களைப் பார்த்தார்கள். குடிகாரர்களின் ஈரல் போலவே இருந்தது. ஆனால் அவர்கள் குடிப்பவர்கள் இல்லை. பெயரே இல்லாத அந்த வியாதிக்கு 'மது சாராத கொழுப்பு ஈரல் அழற்சி' என்று அவர்கள்தான் பெயர் வைத்தார்கள். அதற்கு முன்னால் இப்படிப்பட்ட நோயாளி டாக்டரிடம் "நான் குடிப்பதில்லை" என்று சத்தியம் செய்தாலும் நம்புவது கஷ்டம். குடும்ப மானமே போயிருக்கும்.

நம் பக்கத்து நிலவரம் என்ன? சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்திய நகர்ப்புற, கிராமப்புற ஆய்வின் ஒரு பகுதியாக 541 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 32 பேருக்குக் கொழுப்பு ஈரல். சர்க்கரை வியாதிக்காரர்களை மட்டும் தனியாக எடுத்தால் பாதிக்கு மேல். சர்க்கரை அளவு முற்றிலும் சரியாக இருந்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் இருந்தது. பிறகு 2022-ல் டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்தியா முழுவதிலும் வந்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது பெரியவர்களில் நூற்றுக்கு 38 பேர் என்று வந்தது. இந்த மண்டபத்தில் ஐந்து பேர் உட்காரும் ஒரு வரிசைக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டாம்.

குடிக்காத குடும்பத்தில் ஈரல் வியாதி என்பது நமக்குப் புதிதும் இல்லை. இங்கே எழுபது வயதைத் தாண்டிய மாமிகளுக்கு 'குலைக்கட்டி' என்ற சொல் ஞாபகம் இருக்கும். ஒன்றிரண்டு வயதுக் குழந்தை, வயிறு உப்பி, ஈரல் கெட்டியாகி, சில மாதங்களில் போய்விடும். ஒரே வீட்டில் இரண்டு மூன்று குழந்தைகளை அப்படிப் பறிகொடுத்தவர்கள் உண்டு. சென்னையிலிருந்து ஜம்மி வெங்கடரமணய்யா பெயரில் வந்த லிவர் க்யூர் மருந்து நம் அகங்களில் அவ்வளவு பிரசித்தமானது இதனால்தான். மருத்துவப் புத்தகங்களில் இந்தியக் குழந்தைகளின் ஈரல் சுருக்க நோய் என்றே அதற்குப் பெயர். மாமிசம் சாப்பிடாத, ஓரளவு வசதியான ஹிந்துக் குடும்பங்களில்தான் அது அதிகம் என்று எழுதி வைத்தார்கள். 1980-களில் புணேயில் நடந்த ஆய்வுகள் ஒரு காரணத்தைக் காட்டின. குழந்தைக்குச் சீக்கிரமே மாட்டுப் பால் கொடுக்க ஆரம்பிப்பதும், அந்தப் பாலைப் பித்தளை அல்லது தாமிரப் பாத்திரத்தில் காய்ச்சி வைப்பதும். ஈயப் பூச்சு தேய்ந்த பாத்திரத்திலிருந்து தாமிரம் பாலில் இறங்கி, பிஞ்சு ஈரலில் தங்கியது. பரம்பரைத் தன்மையும் கூடச் சேர்ந்திருக்கலாம் என்பவர்கள் உண்டு. ஆனால் எவர்சில்வர் வந்தது, பாத்திரம் மாறியது, 1990-களுக்குள் அந்த வியாதி ஏறக்குறைய மறைந்தே போயிற்று. என் தலைமுறை டாக்டர்கள் படிக்கும்போது வார்டில் பார்த்த நோயை இன்றைய மாணவர்கள் புத்தகத்தில்தான் பார்க்கிறார்கள்.

இதை எதற்காக இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், சமையலறையிலிருந்து ஈரலுக்கு வழி உண்டு என்பதை நம் சமூகம் ஒருமுறை பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. இந்த முறை பாத்திரத்தில் கோளாறு இல்லை. பாத்திரத்தில் இருப்பதில்.

சரி, ஈரல் கெட்டால் ஈரல்தானே கெட வேண்டும், இருதயம் எங்கே வந்தது? கொலஸ்ட்ரால் என்றால் நாம் உடனே நெய்யையும் நெஞ்சையும் நினைக்கிறோம். நடுவில் இருக்கும் பெரிய கணக்குப் பிள்ளையை மறந்துவிடுகிறோம். ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் எவ்வளவு வெளியே விடுவது, எவ்வளவு திரும்ப எடுத்துக்கொள்வது என்று தீர்மானிப்பது கல்லீரல். இதற்கு ஒரு உருக்கமான சாட்சி உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பிறவியிலேயே ஈரல் செல்களில் கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து இழுக்கும் கொக்கிகள் இல்லை. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஆயிரத்துக்கு மேல். அந்த வயதிலேயே மாரடைப்பு. 1984 பிப்ரவரி 14 அன்று பிட்ஸ்பர்கில் டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸலின் குழு அவளுக்கு இருதயத்தையும் ஈரலையும் ஒரே நேரத்தில் மாற்றி வைத்தது. வெறும் இருதயத்தை மாற்றியிருந்தால் அதுவும் சீக்கிரம் அடைத்துக்கொண்டிருக்கும். ஈரலையும் மாற்றியதால் கொலஸ்ட்ரால் முந்நூறு அளவுக்கு இறங்கியது. குழந்தை மேலும் ஆறு வருஷத்துக்கு மேல் உயிரோடிருந்து 1990-ல் காலமானாள். அந்தக் கொக்கிகளைக் கண்டுபிடித்த பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இங்கே பலர் ராத்திரி படுக்கும்போது போட்டுக்கொள்ளும் ஸ்டாட்டின் மாத்திரை இருக்கிறதே, அது எங்கே வேலை செய்கிறது என்று நினைக்கிறீர்கள்? இருதய மாத்திரை என்றுதானே சொல்கிறோம்? அது வேலை செய்யும் இடம் ஈரல். ஈரலில் கொலஸ்ட்ரால் தயாரிப்பைக் குறைத்து, கொக்கிகளை அதிகப்படுத்துகிறது. அதன் பலன்தான் இருதயத்துக்குப் போய்ச் சேருகிறது.

இப்போது கொழுப்பு நிரம்பிய ஈரலை நினைத்துப் பாருங்கள். இன்சுலின் சொல்வதை அது காதில் போட்டுக்கொள்வதில்லை. ரத்தத்தில் சர்க்கரை போதுமான அளவு இருக்கும்போதும் தான் வேறு சர்க்கரை தயாரித்து அனுப்புகிறது. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை மூட்டை மூட்டையாக ரத்தத்தில் ஏற்றி விடுகிறது. அதனால் நல்ல கொலஸ்ட்ரால் குறைகிறது. கெட்ட கொலஸ்ட்ரால் துகள்கள் சிறிதாகி, அடர்ந்து, குழாய்ச் சுவரில் நுழைய வசதியாக மாறுகின்றன. அழற்சியைக் கிளப்பும் பொருள்களும், ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களும் ஈரலிலிருந்து கூடுதலாக வருகின்றன. ரத்தக் குழாய் அடைப்புக்கு வேண்டிய சாமான் எல்லாம் ஒரே கடையிலிருந்து சப்ளை ஆகிறது என்று சொல்லலாம்.

இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கும் என்ஜினீயர்கள் இந்தச் சபையில் நிறைய இருக்கிறார்கள். 2021-ல் 36 ஆய்வுகளைச் சேர்த்து, ஏறக்குறைய 58 லட்சம் பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 45 சதவீதம் அதிகம். ஈரலில் தழும்பு முற்றியவர்களுக்கு இரண்டரை மடங்கு. 2022-ல் அமெரிக்க இருதயச் சங்கம் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. கொழுப்பு ஈரல் உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் ஈரல் இல்லை, இருதய நோய்தான் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். இந்திய அரசு அதற்கு ஒரு வருஷம் முன்னதாகவே, 2021 பிப்ரவரியில், சர்க்கரை, இருதய நோய், புற்று நோய் ஆகியவற்றுக்கான தேசியத் திட்டத்தில் இதையும் சேர்த்தது. அப்படிச் செய்த முதல் நாடு நம் நாடு.

ஒரு நியாயமான ஆட்சேபணையையும் சொல்லிவிட வேண்டும். ஈரல் கொழுப்பு இருதயத்தைக் கெடுக்கிறதா, அல்லது தொப்பையும் சர்க்கரையும் இரண்டையும் சேர்த்துக் கெடுக்கின்றனவா? இரண்டாவதுதான் பெரும் பங்கு என்பது என் அபிப்பிராயம். பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றத்தால் ஈரலில் கொழுப்பு தேங்கும் சிலர் இருக்கிறார்கள். அந்தக் கொழுப்பு ஈரலை விட்டு ரத்தத்துக்குச் சரியாக வெளியேற முடியாத வகை அது. அவர்களுக்கு ஈரல் கெடுகிறது, ஆனால் இருதய நோய் கூடுவதில்லை. சற்றுக் குறைவு என்றுகூடப் பார்த்திருக்கிறார்கள். ஆக, ஈரல் வெளியே அனுப்பும் சரக்குதான் இருதயத்துக்கு வினை. நம்மில் பெரும்பாலோருக்கு வருவது இந்த அபூர்வ வகை இல்லை, சரக்கு அனுப்பும் வகை. 2023 ஜூனில் இந்த நோயின் பெயரையே மாற்றி, வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்பு ஈரல் நோய் என்று வைத்தார்கள். ஸ்கேனில் கொழுப்போடு எடை அல்லது இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு, நல்ல கொலஸ்ட்ரால் குறைவு, இந்த ஐந்தில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது புது லட்சணம். இந்த ஐந்தையும் இருதய டாக்டரிடம் காட்டினால் 'இது என் ஜாபிதா ஆயிற்றே' என்பார்.

என் உறவில் ஒருவர், மாட்டுங்காவில் இருந்தவர், வங்கியில் வேலை. ஒல்லியான தேகம். ஸந்தியாவந்தனம் தவறாது, வெங்காயம்கூடக் கிடையாது. ஐந்து வருஷம் தொடர்ந்து எடுத்த ஸ்கேனில் ஐந்திலும் கொழுப்பு ஈரல். சர்க்கரை எல்லைக்கோட்டில். "குடிக்காதவன், குண்டும் இல்லை, எனக்கென்ன" என்று இருந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு நாலு நாள் முன்னால் மாரடைப்பு. பிழைத்தார், ஆனால் இருதயத்தின் பாதி பலம் போயிற்று. அவருடைய ஃபைலைப் பின்னால் புரட்டிப் பார்த்தபோது, எல்லாம் எழுதியே இருந்தது. எழுதியிருந்ததை ஈரல் விஷயம் என்று நினைத்துவிட்டார்கள் வீட்டில்.

ஒல்லியாக இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. புணே கே.இ.எம். ஆஸ்பத்திரியின் டாக்டர் யாஜ்னிக், இங்கிலாந்தின் டாக்டர் யுட்கின், இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் 2004-ல் 'லான்செட்' பத்திரிகையில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தபோது வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. இதனால்தான் இந்தியர்களுக்கு எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே கூடுதல் என்கிறோம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. வேஷ்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு அசௌகரியம், பெல்ட் துளை மாறுவது தெரியாது. டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். எல்லோரும் இதற்குத்தான் காத்திருக்கிறீர்கள். நெய்யை விட்டால் போதும் என்பது பொதுவான எண்ணம். 2005-ல் வெளியான ஒரு ஆய்வில், கொழுப்பு ஈரல் உள்ளவர்களின் ஈரலில் இருந்த கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அடையாளமிட்டுப் பார்த்தார்கள். நூற்றில் 59 பங்கு உடம்பிலிருந்த கொழுப்பிலிருந்து வந்து இறங்கியது. 26 பங்கு ஈரல் தானே தயாரித்தது, முக்கியமாகச் சர்க்கரை, மாவுச்சத்திலிருந்து. சாப்பாட்டிலிருந்த எண்ணெய் நெய்யிலிருந்து நேராக வந்தது 15 பங்குதான். சாதத்தையும் சர்க்கரையையும் ஈரல் கொழுப்பாக மாற்றிக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். சென்னை ஆய்வின்படி, நகரவாசிகளின் ஒருநாள் கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியங்களிலிருந்து, அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசியிலிருந்து வருகிறது.

நம் வழக்கத்தைப் பாருங்கள். சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம் என்று மூன்று ரவுண்டு. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. இந்த மூன்றும் ஒரே அரிசிதான் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. ஒருபொழுது இருக்கிறேன் என்று ராத்திரி சாதத்தை விட்டுவிட்டு 'பலகாரம்' சாப்பிடுகிறோமே, அது ஆறு தோசை. ஏகாதசிக்கு ஜவ்வரிசி உப்புமா. உபவாசம் என்ற பெயரில் ஈரலுக்கு அன்றுதான் ஓவர்டைம். பாலக்காட்டுக்காரர்களுக்குத் தனியாக: நேந்திரங்காய் வறுவல், சர்க்கரை உப்பேரி, சக்கை வரட்டி, பிரதமன். ஓண சமயத்தில் நான் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் டப்பாவில் வைத்து வருஷம் பூரா டி.வி. முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு ஓணம் பொறுப்பாகாது. தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் என்பதும் உண்மை, என்மேல் கோபிக்க வேண்டாம்.

அவியலும் ஓலனும் மொளகூட்டலும் எவ்வளவு நல்ல பதார்த்தங்கள்! காய்கறியும் பருப்பும்தானே அவை? தட்டில் அவற்றின் இடத்தையும் சாதத்தின் இடத்தையும் மாற்றிப் போடுங்கள். தேங்காயை மட்டும் கொஞ்சம் கை இறுக்கிப் போட்டால் போதும். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு சுண்டலை நவராத்திரியோடு நிறுத்தி வைக்க வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிஷம் வேர்க்கிற மாதிரி நடை.

எடை குறைந்தால் ஈரல் கொழுப்பு குறைகிறது என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தால் ஈரல் கொழுப்பு இறங்கும். 7 முதல் 10 பங்கு குறைந்தால் அழற்சியும் தணியும், பலருக்குத் தழும்புகூடப் பின்வாங்கும். கியூபாவில் 293 பேரை ஒரு வருஷம் கவனித்து, முன்னும் பின்னும் ஈரல் திசுவை எடுத்துப் பார்த்து 2015-ல் இதைச் சொன்னார்கள். எண்பது கிலோக்காரருக்கு ஆறு முதல் எட்டு கிலோ. ஒரு வருஷத்தில் முடியாத காரியமா?

ரிப்போர்ட் கையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது இது. சர்க்கரை, ஹெச்.பி.ஏ.1.சி., கொலஸ்ட்ரால் வகைகள், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் எண்ணிக்கை, உங்கள் வயது, இந்த நான்கையும் வைத்து 'ஃபிப்-4' என்று ஒரு கணக்கு உண்டு. தனிச் செலவு கிடையாது, டாக்டர் ஒரு நிமிஷத்தில் போட்டுவிடுவார். 1.3-க்குக் கீழே இருந்தால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதுக்கு மேல் என்றால் 2 வரை விடலாம். அதிகமானால் ஃபைப்ரோஸ்கேன் எடுத்து ஈரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். எஸ்.ஜி.பி.டி. சரியாக இருக்கிறதே என்று மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். கொழுப்பு ஈரல் இருக்கும் பலருக்கு அது சரியாகவே இருக்கும்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

ஒரு மாமி கேட்டிருக்கிறார்: "என் அகத்துக்காரருக்கு எஸ்.ஜி.பி.டி. கொஞ்சம் அதிகம் என்று அவரே கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டார். சரியா?" சரியில்லை, மாமி. கொழுப்பு ஈரல் இருப்பவர்களுக்கு ஸ்டாட்டின் பொதுவாகப் பாதுகாப்பானது. கிரேக்க நாட்டில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், எஸ்.ஜி.பி.டி. ஓரளவு ஏறியிருந்த இருதய நோயாளிகள் ஸ்டாட்டின் சாப்பிட்டபோது அந்த அளவு குறையவே செய்தது, மாரடைப்பும் குறைந்தது. சாதாரண அளவைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால் டாக்டர் யோசிப்பார். அந்த யோசனையை அவரிடம் விடுங்கள். இருதயத்தைக் காக்கும் மாத்திரையை ஈரலுக்குப் பயந்து நிறுத்துவது, திருடனுக்குப் பயந்து காவல்காரனை அனுப்புவது மாதிரி.

"கீழாநெல்லி சாப்பிடலாமா?" மஞ்சள் காமாலைக்குப் பேர்போன மூலிகை. 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் அதை ஹெபடைட்டிஸ் பி கிருமிக்குக் கொடுத்து லான்செட்டில் எழுதினார்கள். மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. கொழுப்பு ஈரலுக்கு அதை நம்பி உட்கார ஆதாரம் இல்லை. கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்து ஈரல் கெட்டவர்களைப் பற்றி 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். இயற்கை மருந்துதானே என்று டாக்டரிடம் சொல்லாமல் எதையும் தினப்படி சாப்பிட வேண்டாம்.

"புது மருந்து வந்திருக்கிறதாமே, அமெரிக்காவிலிருந்து பிள்ளை சொன்னான்." வந்திருக்கிறது. ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரைக்கு 2024 மார்ச்சிலும், எடை குறைக்கும் செமாக்ளூடைடு ஊசிக்கு 2025 ஆகஸ்டிலும் அமெரிக்காவில் இந்த நோய்க்காக அனுமதி கொடுத்தார்கள். ஈரலில் ஓரளவு தழும்பு விழுந்து, அழற்சியும் உள்ளவர்களுக்கு மட்டும். கிரேடு ஒன்றுக்காரர் பிள்ளையிடம் சொல்லி அனுப்பச் சொல்ல வேண்டாம்.

"ஒரு ஸ்பூன் பிராந்தி இருதயத்துக்கு நல்லது என்கிறார்களே?" என்று பெயர் போடாமல் ஒரு சீட்டு. கையெழுத்து எனக்குத் தெரியும். கொழுப்பு ஈரலுக்கு மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கடைசிச் சீட்டு: "காபியை நிறுத்த வேண்டுமா?" இதை வாசித்ததும் சபையில் ஒரு அமைதி தெரிகிறது. நிறுத்த வேண்டாம். காபி சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல் தழும்பும் நாள்பட்ட ஈரல் நோயும் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். இரண்டு மூன்று டம்ளர் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அந்த ஆய்வுகளில் பார்த்தது காபியை. நம் டபராவில் கூடவே இருக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரைக்கும், மேலே மிதக்கும் ஆடைக்கும் அந்தப் புண்ணியம் கிடையாது. முதல் வாரம் ஒரு ஸ்பூனாகக் குறையுங்கள், அடுத்த மாதம் அரை ஸ்பூன். நல்ல பீபெரி டிகாக்ஷனாக இருந்தால் அதற்கப்புறம் சர்க்கரை இல்லாததே தெரியாது.